மாணவர்களின் மழைக் கணிப்பு மாடல்கள் எங்கே சறுக்குகின்றன?

இயந்திரக் கற்றல் வழியாக மழையைக் கணிப்பது கல்லூரிகளில் பழகிப்போன இறுதியாண்டு புராஜெக்ட். அறிக்கையின் முடிவில் 95 விழுக்காடு துல்லியம் என்று ஓர் எண் இருக்கும். பெரும்பாலும் அந்த எண்ணுக்குப் பொருளே இல்லை. மாணவர் ஏமாற்றவில்லை. தரவைக் கையாளும் விதத்தையும் மாடலைச் சோதிக்கும் விதத்தையும் யாரும் அவருக்குக் கற்றுத்தரவில்லை. எந்த அல்காரிதத்தை எடுப்பது என்பதில் செலவாகும் வகுப்பு நேரத்தில் பாதியை இந்த இரண்டுக்கும் ஒதுக்கினால், கீழே சொல்லும் தவறுகளில் பெரும்பாலானவை நேரவே நேராது.

துல்லியம் என்ற ஒற்றை எண்

இந்தத் தவறுக்கு வயது 140 ஆண்டுக்கு மேல். 1884இல் அமெரிக்க ராணுவத்தின் சிக்னல் பிரிவில் இருந்த ஜான் ஃபின்லி, டொர்னாடோ எனும் சுழற்காற்று வருமா வராதா என்று 2,803 கணிப்புகள் வெளியிட்டார். துல்லியம் 96.6 விழுக்காடு. ஆனால் எல்லா நாளும் 'வராது' என்றே சொல்லியிருந்தால் 98.2 கிடைத்திருக்கும். உண்மையில் வந்த 51இல் அவர் சரியாகச் சொன்னது 28. தவறவிட்டது 23. வராதவற்றுக்கு 'வரும்' என்று சொன்னது 72. அதே ஆண்டு கில்பர்ட் என்ற நிலவியல் அறிஞர் வேறு கணக்கு சொன்னார்: சரியாகச் சொன்னதை, சரியானது, தவறவிட்டது, பொய் எச்சரிக்கை ஆகிய மூன்றின் கூட்டலால் வகுக்க வேண்டும். 28ஐ 123ஆல் வகுத்தால் 0.23. வானிலைத் துறையில் த்ரெட் ஸ்கோர் என்று இன்றும் பயன்படுவது இதுதான். முதல் வகுப்பிலேயே ஆசிரியர் இந்த எண்களைக் கரும்பலகையில் எழுதி மாணவர்களையே கணக்குப் போட வைக்கலாம்.

சென்னைக்கும் இது அப்படியே பொருந்தும். ஜனவரி முதல் மே வரை 'மழை இல்லை' என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலே பெரும்பாலும் சரியாகிவிடும். ஆகவே வடகிழக்குப் பருவமழைக்காலமான அக்டோபர் முதல் டிசம்பர் வரையைத் தனியே பிரித்து மதிப்பிடச் சொல்லுங்கள். வரம்புகளையும் மாணவர் தாமே வைக்க வேண்டாம். இந்திய வானிலை ஆய்வு மையத்தின் கணக்கில் 2.5 மி.மீ. பெய்தால் அது மழைநாள், 64.5 மி.மீ. முதல் கனமழை, 115.6 முதல் மிக கனமழை, 204.4ஐத் தாண்டினால் அதி கனமழை. ஒவ்வொரு வரம்புக்கும் த்ரெட் ஸ்கோர் தனித்தனியாக வேண்டும்.

அதோடு இரண்டு எளிய போட்டியாளர்கள் கட்டாயம்: 'இன்று போலவே நாளை' என்ற கணிப்பு, 'இந்தத் தேதியின் நீண்டகாலச் சராசரி' என்ற கணிப்பு. இரண்டையும் வெல்லாத மாடலுக்கு எத்தனை அடுக்கு நியூரல் நெட்வொர்க் இருந்தாலும் பயனில்லை.

தரவைக் குலுக்கிப் பிரிப்பது

காகிள் என்ற தரவுப் பகிர்வுத் தளத்தில் 'ரெயின் இன் ஆஸ்திரேலியா' என்ற தரவுத்தொகுப்பு இருக்கிறது. 2007 முதல் 2017 வரை, 49 இடங்கள், சுமார் 1.45 லட்சம் வரிகள். நம் மாணவர்கள் பலர் இதில்தான் தொடங்குகிறார்கள். மறுநாள் மழை என்ற வரிகள் சுமார் 22 விழுக்காடுதான், ஆக எதுவுமே கற்காத மாடலுக்கும் 78 கிடைக்கும். அதன் பழைய பிரதிகளில் 'ரிஸ்க் எம்எம்' என்றொரு பத்தி (அட்டவணையின் நெடுவரிசை) உண்டு. அது மறுநாள் பெய்த மழையின் அளவு, அதாவது விடையே. அதை நீக்காமல் பயிற்சி கொடுத்தால் துல்லியம் கிட்டத்தட்ட 100ஐத் தொடும்.

அந்தப் பத்தியை நீக்கினாலும் விடை கசியும் இன்னொரு வழி மிஞ்சும். அந்த 49 இடங்களில் சிட்னியும் சிட்னி விமான நிலையமும் தனித்தனி, மெல்போர்ன், பெர்த் நகரங்களும் அப்படியே. வரிகளைக் குலுக்கி 80-20 என்று பிரித்தால், நகரத்தின் ஒரு நாள் பயிற்சியிலும் விமான நிலையத்தின் அதே நாள் சோதனையிலும் போய் விழும். அடுத்தடுத்த நாள்களுக்கும் இதே கதி. ஒரு காற்றழுத்தத் தாழ்வு நிலை மூன்று நான்கு நாள் நீடிக்கும்போது, நடுநாளைச் சோதனைக்கு எடுத்துப் பக்கத்து நாள்களைப் பயிற்சிக்குக் கொடுப்பது சோதனையே ஆகாது.

ஆண்டுகளாகப் பிரியுங்கள். தமிழ்நாட்டுத் தரவென்றால் 1981 முதல் 2010 வரை பயிற்சி, 2011 முதல் 2014 வரை அளவுருக்களைச் சரிசெய்ய, 2015 முதல் 2023 வரை சோதனை. கடைசித் தொகுப்பில் 2015இன் சென்னை வெள்ளமும் 2023இன் தென்மாவட்ட வெள்ளமும் வருவது முக்கியம். பிரிக்கும் எல்லையை டிசம்பர் 31இல் வைக்க வேண்டாம், பருவமழை சில ஆண்டுகளில் ஜனவரிக்கும் நீளும். மார்ச் இறுதி பாதுகாப்பானது. சராசரி, திட்டவிலக்கம் கொண்டு அளவை மாற்றுவது, அரிதாக நேரும் நிகழ்வின் வரிகளைச் செயற்கையாகப் பெருக்கும் ஸ்மோட் முறை போன்றவை எல்லாம் பிரித்த பிறகு, பயிற்சித் தரவில் மட்டும்.

காலை எட்டரை மணி

மிகக் குறைவாகக் கவனிக்கப்படுவதும், எங்கள் பார்வையில் மிக மோசமானதும் இதுதான். வானிலை ஆய்வு மையத்தின் டிசம்பர் 2 மழை என்பது டிசம்பர் 1 காலை 8.30 முதல் டிசம்பர் 2 காலை 8.30 வரை பெய்தது. ஐரோப்பிய வானிலைக் கணிப்பு மையத்தின் ஈரா5 தரவோ (கடந்தகால வானிலையைக் கணினி மாடல் கொண்டு மறுகட்டமைத்த தரவு) உலகப் பொது நேரத்தில் வருகிறது. அதில் ஒரு நாள் நமக்குக் காலை 5.30க்குத் தொடங்கி மறுநாள் 5.30க்கு முடியும். இரண்டையும் தேதி பார்த்து இணைத்தால், ஒரே தேதியிட்ட இரு நாள்களுக்கும் பொதுவாக இருப்பது 3 மணி நேரம் மட்டுமே.

இதைவிடப் பெரிய ஆபத்து அடுத்த படியில். 'இன்றைய ஈரா5 கொண்டு நாளைய மழையைக் கணிக்கிறேன்' என்று மாணவர் ஒரு தேதி தள்ளி இணைப்பார். அப்போது டிசம்பர் 1இன் ஈரா5 நாளும் டிசம்பர் 2 என்று பதிவான மழையும் 21 மணி நேரம் ஒன்றோடொன்று பொருந்துகின்றன. பெய்துகொண்டிருக்கும் மழையின் ஈரப்பதத்தைப் பார்த்து அதே மழையைச் 'சொல்கிறது' மாடல். மதிப்பெண் அருமையாக வரும், முன்கணிப்பு துளியும் இருக்காது.

திருத்தம் எளிது. ஈரா5இன் மணிவாரித் தரவை எடுக்க வேண்டும். அதில் மழை மீட்டரில் இருக்கும், 1000ஆல் பெருக்கினால் மி.மீ. ஒவ்வொரு நேரக்குறியும் அதற்கு முந்தைய ஒரு மணி நேரத்தைக் குறிப்பதால், பொது நேரம் 04 முதல் மறுநாள் 03 வரையுள்ள 24 மதிப்புகளைக் கூட்ட வேண்டும். கணிப்புக்கான உள்ளீடுகள் முதல் நாளின் பொது நேரம் 03க்கு முன்பே முடிந்துவிட வேண்டும். சரிபார்க்க, 2015 நவம்பர், டிசம்பர் மாத வரைபடங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வரையச் சொல்லுங்கள். தாம்பரத்தில் 49 செ.மீ. பதிவான உச்சம் டிசம்பர் 2இல் நிற்கும். ஈரா5 உச்சம் ஒரு நாள் தள்ளி நின்றால் இணைப்பு தவறு.

விடுபட்ட எண்களும் காற்றின் திசையும்

வானிலை ஆய்வு மையம் நிலப்பரப்பைச் சிறு கட்டங்களாகப் பிரித்துத் தரும் மழைத் தரவில் -999 என்றால் பதிவு இல்லை என்று பொருள். அதை விட்டுவைத்தால் சராசரி மழை எதிர்மறையாகும். சராசரியால் நிரப்பினால் வறண்ட நாளிலும் தூறல் பெய்யும். விடுபட்டதை விடுபட்டதாகவே ஒதுக்குவது நல்லது.

காற்றின் திசையைப் பாகையாகக் கொடுக்கக் கூடாது. 350க்கும் 10க்கும் சராசரி 180 என்று வரும், வாடைக்காற்று தென்றலாகிவிடும். வேகத்தோடு சேர்த்துக் கிழக்கு-மேற்கு, வடக்கு-தெற்கு என இரு கூறுகளாகப் பிரிக்க வேண்டும்.

பெருமழையை மழுங்கடிப்பது

சராசரி வர்க்கப் பிழையை (பிழைகளின் வர்க்கங்களது சராசரியை) குறைக்கப் பயிலும் மாடல், சந்தேகம் வந்தால் நடுவாக்கில் ஓர் எண்ணைச் சொல்லும். அதுவே அதற்குப் பாதுகாப்பு. கூகுள் டீப்மைண்டின் கிராஃப்காஸ்ட் போன்ற பெரிய வானிலை மாடல்களிலும் நாள்கள் செல்லச் செல்ல இந்த மழுக்கம் தெரியும். கட்டத்தின் அளவும் சேர்ந்துகொள்கிறது. 0.25 பாகைக் கட்டம் சென்னை அருகே சுமார் 750 சதுர கி.மீ., மாநகராட்சிப் பரப்போ 426. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் பதிவான 95 செ.மீ. போன்ற ஒற்றைப்புள்ளி மழையைக் கட்டச் சராசரியில் தேட முடியாது. 'தெருவாரியாகக் கணிக்கும்' என்று அறிக்கையில் எழுத விடாதீர்கள். ஒற்றை எண்ணுக்குப் பதிலாக, 64.5 மி.மீ.யைத் தாண்டும் வாய்ப்பு எத்தனை விழுக்காடு என்று கேளுங்கள்.

மலிவு சென்சார்

மழையில் மட்டுமல்ல, காற்று மாசு புராஜெக்டுகளிலும் இதே வகைத் தவறுகள் நேர்கின்றன. அவற்றில் லேசர் ஒளியைச் சிதறடித்து அளக்கும் சிறு சென்சார்கள் பயன்படுகின்றன. ஈரப்பதம் ஏறும்போது துகள்கள் நீரை உறிஞ்சிப் பருத்து அதிக ஒளியைச் சிதறடிக்கும், பிஎம்2.5 எனும் நுண்துகள் அளவு கூடிக் காட்டும். எஸ்டிஎஸ்011 சென்சாருக்குத் தயாரிப்பாளர் சொல்லும் வரம்பே 70 விழுக்காடு ஈரப்பதம். கடற்கரை ஊர்களில் விடியற்காலை அது எளிதில் தாண்டிவிடும். மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்தின் தானியங்கி நிலையத்தருகே அனுமதி பெற்றுச் சில வாரங்கள் வைத்து, ஈரப்பதத்தையும் உள்ளீடாகச் சேர்த்துத் திருத்த வேண்டும். இங்கும் நிமிடங்களைக் குலுக்கிப் பிரிக்காமல் வாரங்களாகப் பிரிப்பதே சரி. டிசம்பரில் செய்த திருத்தத்தை மே மாதத்துக்கு அப்படியே பயன்படுத்தவும் கூடாது.

சாட்பாட்டிடம் தரவு கேட்பது

நிரல் எழுத, பிழை கண்டுபிடிக்க சாட்பாட் நன்றாக உதவும். நுங்கம்பாக்கத்தின் மாதாந்தர மழையைக் கேட்டால், நம்பும்படியான எண்களை இட்டுக்கட்டியும் தரும். எண்கள் கோப்பிலிருந்து மட்டுமே வர வேண்டும் என்பதை விதியாக்குங்கள். அது எழுதிய நிரலை ஐந்து வரிகளுக்குக் கையால் கணக்கிட்டுச் சரிபார்த்த தாளும் அறிக்கையோடு வரட்டும். வாய்மொழித் தேர்வில் ஏதாவது ஒரு வரியைச் சுட்டிக்காட்டி, இது எந்த மழைமானி, எந்த 24 மணி நேரம், என்ன அலகு என்று கேளுங்கள். மதிப்பெண்ணில் பாதியை அந்தப் பதிலுக்கு வைக்கலாம்.