புறநானூறு 192-க்கு நயம் எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இயற்கையின் வலிமைக்கு முன் மனிதனின் எளிமையை உணர்த்த, 'யாதும் ஊரே யாவரும் கேளிர்' என்று தொடங்கும் கணியன் பூங்குன்றனாரின் இப்பாடலைக் கொடுத்து நயம் எழுதச் சொல்வது என் வழக்கம். அண்மையில் திருத்திய விடைத்தாள்களில், மாணவனாக இருந்தபோது நான் செய்த அதே பிழைகளைக் கண்டேன். எழுத்துப்பிழையும் சீர் பிரிப்பதில் வரும் தடுமாற்றமும் பழகப் பழகச் சரியாகிவிடும் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

முதல் அடியோடு நின்றுவிடுதல்

பாடலுக்கு 13 அடிகள் உண்டு.

உவமைக்குப் பெயரிட்டுவிட்டு நகர்ந்துவிடுதல்

'இப்பாடலில் உவமை அணி பயின்று வந்துள்ளது' என்று எழுதி, புணையையும் (தெப்பத்தையும்) உயிரையும் ஒரு வரியில் பொருத்திக் காட்டிவிட்டு, உடனே எதுகை மோனைக்குப் போய்விடுகிறார்கள். நானும் அப்படித்தான் எழுதினேன். என் ஆசிரியர் அந்த வரியைச் சிவப்பு மையால் கோடிட்டு, ஓரத்தில் 'ஆகலின் எங்கே?' என்று மட்டும் எழுதியிருந்தார். அது விளங்க எனக்கு நெடுநாள் ஆயிற்று.

'தெளிந்தனம் ஆகலின்' என்ற இடத்தில்தான் பாடல் திரும்புகிறது. மின்னலோடு வானம் பொழிந்த மழையால் பெருகி, கல்லில் மோதி ஓயாமல் ஒலிக்கும் பேராற்றில் புணை போவது போலவே உயிரும் முறைவழிப் போகிறது என்று திறவோர் (உண்மையை அறிந்தோர்) காட்சியால் தெளிந்த காரணத்தால்தான், பெரியோரை வியப்பதும் இல்லை, சிறியோரை இகழ்வது அதனினும் இல்லை என்கிறார் புலவர். அந்த வெள்ளத்தின்மேல் எல்லாப் புணையும் ஒன்றுதான். உவமையை வெறும் அழகு என்று ஒதுக்கினால், இறுதி இரண்டு அடிகளும் காரணம் இல்லாத அறிவுரையாகச் சுருங்கிவிடுகின்றன. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும், இதைக் காணும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வருகிறது.

'நீர்வழிப் படூஉம்', 'முறைவழிப் படூஉம்' என்று ஒரே வினை இருமுறை வருவதையும், அளபெடையால் அது நீண்டு ஒலிப்பதையும் வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். புணையை யாரும் செலுத்தவில்லை, அது நீரின் போக்கில் போகிறது என்பது செவிக்கே தெரியும்.

ஆற்றைப் பகையாகக் காட்டுதல்

'மல்லல்' என்றால் வளம். உயிரை இழுத்துச் செல்லும் அதே ஆற்றை வளம் மிக்கது என்றே புலவர் சொல்கிறார். 'இரங்கும்' என்பதற்கு இங்கே ஒலிக்கும் என்பதே பொருள். ஆறு யாருக்காகவும் இரக்கப்படவில்லை.

2004 சுனாமியை இழுத்து வருதல்

வேண்டாம்.

விதிவாதம் என்று முடித்துவிடுதல்

'தீதும் நன்றும் பிறர்தர வாரா' என்று இரண்டாம் அடியில் சொன்னவரே ஒன்பதாம் அடியில் புணையைக் காட்டுகிறார். இம்முறை ஒரு மாணவி இவ்விரண்டு அடிகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, நடுவே ஒரு கேள்விக்குறி இட்டிருந்தாள். அவளுக்கு முழு விடை கிடைக்கவில்லை. ஆனால் கடைசி வரி வரை எந்த அடியையும் அவள் கைவிடவில்லை.