முட்டுக்கம்பிக்குப் பதில் பொனட் ஷொக்: வீட்டிலேயே பூட்டலாம்

என்னுடையது 2012ஆம் ஆண்டு டொயோட்டா 86. இரண்டு லீற்றர் பொக்ஸர் எஞ்சின், 200 குதிரைவலு, அலுமினியப் பொனட். ஆனால் அந்தப் பொனட்டைத் தூக்கினால் நிறுத்தி வைப்பதற்கு ஒரு மெல்லிய கம்பிதான். உடுப்புக் கொடிக்கு முட்டுக் கொடுக்கிற தடிக்கும் அதற்கும் பெரிய வித்தியாசமில்லை. ஓடி வந்து நிறுத்திய உடனே தொட்டால் விரல் சுடும். வெள்ளவத்தையில் மரைன் டிரைவ் பக்கம் நிறுத்தினால் கடற்காற்றே பொனட்டைத் தூக்கிப் பார்க்கும்.

இதற்கு மாற்றாகப் பூட்டுவதைப் பெட்டியில் டாம்பர் என்றோ கேஸ் ஸ்ட்ரட் என்றோ அச்சிட்டிருப்பார்கள். கொழும்பு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் அப்படிக் கேட்டால் இரண்டு தரம் திருப்பிக் கேட்பார்கள். ‘பொனட் ஷொக்’ என்று கேளுங்கள், உடனே விளங்கும். வான் வண்டியின் பின்கதவைத் தூக்கிப் பிடிக்கும் டிக்கி ஷொக்கின் தம்பிதான் இது. உள்ளே அழுத்தி அடைத்த நைதரசன் வாயு, கொஞ்சம் எண்ணெய், ஒரு பிஸ்டன். அவ்வளவுதான்.

பூட்டுவது ஒரு மணித்தியால வேலை. ஆனால் பிழையான ஷொக்கை வாங்கினால் பொனட்டே வளையும். அதனால் வாங்குவதைப் பற்றித்தான் முதலில் நீட்டிச் சொல்லப்போகிறேன்.

எத்தனை நியூட்டன்?

ஷொக்கின் உடலில் ஓர் எண் இருக்கும். 150N, 300N என்று. அது தள்ளும் விசை. ஏறக்குறைய பத்தால் பிரித்தால் எத்தனை கிலோவைத் தாங்கும் என்று வரும். ‘பலமானது நல்லது’ என்று நினைத்து நான் முதலில் வாங்கியது ஒரு வானின் பழைய டிக்கி ஷொக் சோடி. ஜப்பான் சாமான், புதிதுபோலவே இருந்தது, விலையும் மலிவு. எண் 450. பூட்டியதும் பொனட் துள்ளிக்கொண்டு எழும்பியது, எனக்குச் சரியான சந்தோஷம். இரண்டு கிழமை கழித்துப் பார்த்தால், மூடிய பொனட்டின் பின்மூலைகள் இரண்டும் மட்காட்டைவிட மூன்று மில்லிமீற்றர் மேலே நிற்கின்றன. முன்பக்கத்தை லொக் இழுத்துப் பிடிக்க, பின்பக்கத்தை ஷொக் இரவு பகலாகத் தள்ளிக்கொண்டே இருந்திருக்கிறது. அலுமினியம் ஒருமுறை வளைந்தால் தானாகத் திரும்பாது.

சரி, எப்படிக் கணக்குப் பார்ப்பது? கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குப் போகும்போது பெட்டி நிறுக்கிற கொழுவு தராசு அநேகமாக எல்லா வீட்டிலும் இருக்கும். பொனட்டின் முன்பக்கத்தில் லொக்கில் விழும் வளையம் இருக்கிறதல்லவா, அதில் தராசைக் கொழுவி மெதுவாகத் தூக்கிப் பிடியுங்கள். 5 கிலோ காட்டுகிறது என்று வைப்போம். பிணைச்சலிலிருந்து அந்த வளையம் வரை 1 மீற்றர். 5 கிலோ என்பது ஏறக்குறைய 50 நியூட்டன், ஆகவே பொனட் படுத்திருக்கும்போது பிணைச்சலைச் சுற்றி 50 நியூட்டன் மீற்றர் முறுக்கு. பொனட் நிமிர நிமிர இது குறையும். 45 பாகை நிமிர்ந்த நிலையில் 35 அளவுதான்.

இனி ஷொக்கின் பக்கம். பொனட் திறந்திருக்கும்போது பிணைச்சலிலிருந்து ஷொக்கின் கோட்டுக்குச் செங்குத்தாக அளந்தால் 15 சென்டிமீற்றர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 35ஐ 0.15ஆல் பிரித்தால் 233 நியூட்டன். இரண்டு பக்கத்துக்கும் பங்கிட்டால் ஒன்றுக்கு 117. காற்றுக்கும் தேய்மானத்துக்கும் கொஞ்சம் சேர்த்தால் 150 நியூட்டன் ஷொக் போதும். நான் பூட்டியிருந்தது அதன் மூன்று மடங்கு!

இன்னொன்று, வெப்பம். ஷொக்கின் மேல் எழுதியிருக்கும் விசை வழமையாக 20 பாகை செல்சியஸில் அளந்தது. வாயு சூடானால் அழுத்தம் கூடும், 10 பாகைக்கு ஏறக்குறைய 3.4 வீதம். கொழும்பில் காலையிலேயே 30 பாகை. காலி வீதி நெரிசலில் ஊர்ந்துவிட்டு வந்தால் எஞ்சின் அறையில் 60 பாகை என்பது சாதாரணம். அப்போது 150 நியூட்டன் ஷொக் 170 நியூட்டனாகத் தள்ளும். குளிர் நாட்டுக்காரர்கள் பனிக்காலத்தில் பொனட் இறங்குகிறது என்று ஒரு படி கூட்டி வாங்குவார்கள். அதைப் பார்த்து நாமும் கூட்டத் தேவையில்லை. இரண்டு அளவுக்கு நடுவில் தடுமாறினால் சிறியதை எடுங்கள்.

ஷொக், அதைப் பூட்டும் தகடு, போல்ட் எல்லாம் சேர்த்து உங்கள் கார் மொடலுக்கென்றே செய்த கிட் கிடைத்தால் இந்தக் கணக்கை அநேகமாக அவர்களே பார்த்திருப்பார்கள். இருந்தாலும் எண்ணை ஒருமுறை வாசியுங்கள். ஏற்கெனவே உள்ள போல்ட் ஓட்டைகளில் பூட்டுகிற கிட்டாக இருக்க வேண்டும். பொனட்டில் துளைபோடச் சொல்லும் கிட்டை முதல் தரம் செய்பவர்கள் தொடவே வேண்டாம்.

ஓர் எச்சரிக்கை. பாதசாரி மோதினால் பொனட்டின் பின்பக்கம் தானாக எழும்பும் அமைப்பு சில கார்களில் உண்டு. நான்காம் தலைமுறை மஸ்டா ரோட்ஸ்டரின் ஜப்பான் வண்டிகள் ஓர் உதாரணம். பிணைச்சலுக்குப் பக்கத்தில் வயர் போகும் சிறு உருளை தெரிந்தால் அந்த இடத்தில் கைவைக்காதீர்கள். அதற்குள் வெடிமருந்து இருக்கும்.

பூட்டுவோம்

நிழலில், சமதரையில், எஞ்சின் ஆறிய பிறகு தொடங்குங்கள். கூட ஓர் ஆள் கட்டாயம் வேண்டும். என் மச்சான் ‘சும்மா பிடித்துக்கொண்டு நிற்கத்தானே’ என்று அலுத்துக்கொள்வான், ஆனால் பிடித்துக்கொண்டு நிற்பதுதான் இதில் பெரிய வேலை. சாமான்கள்: 10, 12 அளவு சொக்கெட், சின்னத் தட்டை ஸ்க்ரூ ட்ரைவர், மாஸ்கிங் டேப், இரண்டு பழைய துவாய், கொஞ்சம் கிரீஸ்.

முட்டுக்கம்பியில் பொனட்டை நிறுத்துங்கள். பின்மூலைகளுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் துவாயை மடித்து வையுங்கள். பிணைச்சலின் விளிம்பைச் சுற்றி டேப் ஒட்டி அடையாளம் வையுங்கள். இதைச் செய்யாமல் போல்டைத் தளர்த்தினால் பொனட் ஒரு பக்கம் ஒதுங்கிவிடும், பிறகு இடைவெளி சரிபார்த்தே ஒரு பின்னேரம் போய்விடும்.

கிட்டைத் தரையில் பரப்பி இடது, வலது பிரியுங்கள். எனக்கு வந்த ஒரு கிட்டில் இரண்டு இடதுபக்கத் தகடுகள் இருந்தன. காரில் பிடித்துப் பார்த்த பிறகுதான் விளங்கியது. தலையில் குண்டுபோல இருக்கும் போல்டுகளைத் தகடுகளில் முதலே இறுக்கிவிடுங்கள், காரில் பூட்டிய பிறகு ஸ்பெனர் நுழையாது.

கீழ்த் தகடு மட்காட்டைப் பிடித்திருக்கும் போல்டில் வரும். 10 அளவுத் தலையுள்ள போல்ட் என்றால் அது சின்னது, 10 நியூட்டன் மீற்றர் அளவு இறுக்கினால் போதும். பலத்தைக் காட்டினால் மரை வழுகிவிடும். கடற்கரைப் பக்கம் இருப்பவர்கள் மரையில் துளி கிரீஸ் தடவுங்கள். உப்புக் காற்றில் இரும்பும் அலுமினியமும் தொட்டுக்கொண்டிருந்தால் அரிப்பு பிடிக்கும்.

மேல் தகடு அநேகமாகப் பிணைச்சலின் போல்டில் வரும். ஆளைப் பொனட்டைப் பிடிக்கச் சொல்லி, ஒரு நேரத்தில் ஒரே ஒரு போல்டை மட்டும் கழற்றிப் பூட்டுங்கள். புதுப் போல்ட் தந்திருந்தால் பழையதன் பக்கத்தில் வைத்து நீளம் பாருங்கள். நீளம் கூடியதென்றால் உள்ளேயிருந்து பொனட்டின் மேல்தகட்டைக் குத்தி வெளியே பரு மாதிரித் தள்ளும். அந்தப் பருவுக்கு மருந்து பெயின்ட் பாஸிடம்தான் இருக்கிறது.

இப்போது ஷொக். பளபளக்கும் மெல்லிய தண்டு கீழே, தடித்த உடல் மேலே. தலைகீழாகப் பூட்டினாலும் வேலை செய்வதுபோலத் தெரியும், ஆனால் ஆயுள் குறையும். தண்டு கீழே இருந்தால்தான் உள்ளே உள்ள எண்ணெய், வாயு கசியாமல் தண்டைச் சுற்றி அடைக்கும் சீல் வளையத்தை நனைத்துக்கொண்டிருக்கும், பொனட் மேலே போய் முடியும் இடத்தில் வேகத்தையும் அடக்கும். முனையிலுள்ள கம்பி கிளிப்பை ஸ்க்ரூ ட்ரைவரால் சற்றுத் தூக்கி, குண்டின்மேல் வைத்து அழுத்துங்கள். ‘டக்’ என்று விழ வேண்டும். குறட்டால் தண்டைப் பிடிக்கவே கூடாது. மயிரளவு கீறல் விழுந்தாலும் சீல் கிழிந்து வாயு போய்விடும்.

முதல் தரம் மூடும்போது

அவசரப்படாதீர்கள். முட்டுக்கம்பியை எடுத்து அதன் கிளிப்பில் வையுங்கள். பொனட்டை அங்குலம் அங்குலமாக இறக்கி, தகடு வயரில், குழாயில், மட்காட் விளிம்பில் உரசுகிறதா என்று மற்ற ஆளை டோர்ச் அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். கண்ணால் தெரியாத இடத்துக்கு என்னிடம் ஒரு வழி இருக்கிறது: ரொட்டிக்குப் பிசைந்த மாவில் ஓர் உருண்டையைப் பொலித்தீனில் சுற்றித் தகட்டின் தலையில் வைத்து, லொக் விழாமல் மெதுவாக மூடித் திறந்து பாருங்கள். மா 4, 5 மில்லிமீற்றர் தடிப்பில் மிஞ்சினால் நல்லது. கடதாசிபோல நசுங்கியிருந்தால் தகட்டை நகர்த்த வேண்டும்.

கடைசி இரண்டு மூன்று அங்குலத்தில் பொனட் கல்லுப்போல நின்றுவிட்டால் உடனே கையை எடுங்கள். ஷொக் முழுதாகச் சுருங்கிவிட்டது, அதற்கு மேல் இடமில்லை என்று அர்த்தம். அழுத்தினால் வளையப்போவது பொனட்.

மூடும் பழக்கமும் மாற வேண்டும். முன்பு ஓர் அடி உயரத்திலிருந்து விட்டால் தானாக விழுந்து பூட்டிக்கொள்ளும். இனி விழாது. லொக்குக்கு நேர் மேலே இரண்டு உள்ளங்கையையும் விரித்து வைத்து அமத்துங்கள். ஒரு கையால், விரல் நுனியால் குத்தினால் அலுமினியத்தில் பள்ளம் விழும். பிறகு முன்விளிம்பைப் பிடித்துத் தூக்கிப் பாருங்கள், அசையக்கூடாது. தெற்கு அதிவேக வீதியில் மணிக்கு 100 கிலோமீற்றரில் போகும்போது பாதி பூட்டிய பொனட் கண்ணாடியில் வந்து அடித்தால் என்னவாகும் என்று எழுதத் தேவையில்லை.

முட்டுக்கம்பியைக் கழற்றி எறியாதீர்கள். ஷொக் ஒருநாள் சாகும், அது எந்த நாள் என்று சொல்லிவிட்டுச் சாகாது.

தொந்தரவு வந்தால்

பொனட் மெல்ல மெல்லக் கீழே இறங்குகிறதா? தண்டில் எண்ணெய்ப் படலம் தெரிந்தால் சீல் போய்விட்டது. தெரியாவிட்டால், முட்டுக்கம்பியில் நிறுத்திவிட்டு ஷொக்கைக் கழற்றுங்கள். குளியலறைத் தராசின்மேல் ஒரு பலகைத் துண்டு வைத்து, தண்டு கீழே இருக்கும்படி நிமிர்த்தி நேராக அழுத்துங்கள். தண்டு உள்ளே போகத் தொடங்கும்போது காட்டும் கிலோவைப் பத்தால் பெருக்கினால் நியூட்டன் கிட்டத்தட்ட வரும். 150 என்று எழுதியது 100 காட்டினால் மாற்றும் நேரம். மாற்றினால் சோடியாக மாற்றுங்கள். ஒன்று புதிது, ஒன்று பழையது என்றால் பொனட் முறுகும்.

மூடிய பிறகு பின்மூலை உயர்ந்து நின்றால் என் கதைதான்: ஷொக் பலம் கூடியது. முன்பக்க ரப்பர் குமிழ்களைத் திருகிச் சரிசெய்யலாம் என்று சிலர் சொல்வார்கள். அது முன்விளிம்பின் உயரத்தைத்தான் மாற்றும், பின்பக்கத்துக்கு உதவாது. ஒரு பக்க இடைவெளி மட்டும் கூடியிருந்தால் டேப் அடையாளத்தைப் பாருங்கள், பிணைச்சல் நகர்ந்திருக்கும்.

கீச்சுச் சத்தம் வந்தால் குண்டில் துளி கிரீஸ். தண்டில் பூசாதீர்கள், தூசியைப் பிடித்து சீலை அரைக்கும். குண்டுகுழியில் கடகடத்தால் போல்ட் தளர்ந்திருக்கும். எப்படியும் முதல் கிழமை முடிவில் எல்லாப் போல்டையும் ஒருதரம் பார்த்துவிடுவது நல்லது.

செத்த ஷொக்கிலும் அழுத்தம் மிச்சம் இருக்கும். வெட்டவோ துளைக்கவோ குப்பையோடு சேர்த்து எரிக்கவோ வேண்டாம். பழைய இரும்புக்காரரிடம் கொடுப்பதென்றால் உள்ளே வாயு இருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லிக் கொடுங்கள். அவர் அதைச் சுத்தியலால் அடிப்பதற்கு முன்பு.