வடசென்னைக்கு வருகிறீர்களா? பிள்ளையின் பூஸ்டர் சீட்டையும் கொண்டுவாருங்கள்

லண்டனிலோ டொராண்டோவிலோ தெருமுனைக் கடைக்குக் காரில் போவதென்றாலும் பிள்ளையைப் பூஸ்டர் சீட்டில் (கார் பெல்ட் சரியாகப் படிய, பிள்ளையை உயர்த்தி உட்காரவைக்கும் இருக்கை) உட்காரவைத்து பெல்ட் மாட்டுகிற பெற்றோர், மீனம்பாக்கத்தில் இறங்கியதும் அந்தப் பழக்கத்தையே மறந்துவிடுகிறார்கள். "இந்த ஊரில் வண்டி எங்கே வேகமாகப் போகிறது?" என்பார்கள். பட்டப்பகலில் தங்கசாலையிலும் எம்.சி. ரோட்டிலும் மாட்டிக்கொண்டவர்களுக்கு அது நியாயமான பேச்சுதான். ஆனால் வெளிநாட்டு விமானங்கள் பலவும் நள்ளிரவிலோ விடியற்காலையிலோதான் வந்து சேருகின்றன. அந்த நேரத்தில் அண்ணா சாலை வெறிச்சோடிக் கிடக்கும். கொளத்தூர், மாதவரம் பக்கம் போகிறவர்களுக்கு கத்திப்பாராவிலிருந்து கோயம்பேடு, பாடி வழியாக உள்வட்டச் சாலை முழுவதும் திறந்து கிடக்கும். திருவொற்றியூர் வரை ஏறக்குறைய 30 கிலோமீட்டர். டிரைவர் தூக்கக் கலக்கத்தில் இருப்பார், உங்களுக்குப் பயணக் களைப்பு, பிள்ளை மடியில் அசந்து தூங்கும். தாயகம் வந்துபோகும் ஒரு மாதத்தில் பிள்ளைக்கு மிக ஆபத்தான கார் பயணம் எது என்று கேட்டால், இந்த முதல் பயணத்தைத்தான் சொல்வேன்.

மடியில் வைத்துப் பிடித்துக்கொள்ளலாம் என்ற நம்பிக்கையைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் எதிலாவது மோதி, நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் நின்றுவிடுகிறது என்று வையுங்கள். 15 கிலோ எடையுள்ள பிள்ளையை அந்தக் கணத்தில் பிடித்து நிறுத்த, 200 கிலோவுக்கு மேற்பட்ட பாரத்தைத் தாங்குகிற பலம் வேண்டும். எந்தத் தாய்க்கும் அவ்வளவு பலமுள்ள கை கிடையாது. தாயும் பெல்ட் போடாமல் இருந்தால், அவருடைய உடம்பே பிள்ளையை முன்சீட்டோடு சேர்த்து நசுக்கிவிடும்.

சட்டம் கேட்பதும் உடம்பு கேட்பதும்

மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019இல் சேர்க்கப்பட்ட 194பி பிரிவின்படி, 14 வயது நிரம்பாத பிள்ளையை சீட் பெல்ட்டோ குழந்தைகளுக்கான பாதுகாப்பு இருக்கையோ இல்லாமல் காரில் ஏற்றிப்போனால் 1,000 ரூபாய் அபராதம். பிள்ளையின் உயரத்தைப் பற்றியோ எடையைப் பற்றியோ அந்தப் பிரிவில் பேச்சில்லை. ஐந்து வயதுப் பிள்ளைக்குப் பெரியவர்களுக்கான பெல்ட்டை மாட்டிவிட்டாலும் சட்டத்துக்குப் போதும். பிள்ளையின் உடம்புக்கு அது போதாது.

சிறு பிள்ளையின் இடுப்பெலும்பு இன்னும் முற்றியிருக்காது. பெரியவர்களுக்கு அளவெடுத்த பெல்ட் அதன் மேல் நிற்காமல் வயிற்றுக்கு ஏறிவிடும், மேல்பட்டை கழுத்தை அறுக்கும். கழுத்தில் உறுத்துகிறதென்று பிள்ளை அதைக் கைக்கு அடியிலோ முதுகுக்குப் பின்னாலோ தள்ளிவிடும். மோதும்போது குடலும் முதுகெலும்பும் அடிபடுவது இப்படித்தான். பூஸ்டர் செய்கிற வேலை ஒன்றே ஒன்று: பிள்ளையை உயர்த்தி, கீழ்ப்பட்டை தொடைக்கு மேலே இடுப்பெலும்பில் படியவும், மேல்பட்டை தோளின் நடுவிலும் மார்பின் குறுக்கிலும் போகவும் வழிசெய்கிறது. பிரிட்டனில் 135 சென்டிமீட்டர் உயரம் அல்லது 12 வயது வரை என்கிறார்கள். ஒண்டாரியோவில் 145 சென்டிமீட்டர், 36 கிலோ, 8 வயது ஆகிய மூன்றில் ஒன்றை எட்டும் வரை. நீங்கள் எங்கிருந்து வந்தாலும் அந்த ஊர்க் கணக்கையே இங்கும் வைத்துக்கொள்ளுங்கள். சந்தேகமாக இருந்தால் பூஸ்டர் இல்லாமல் உட்காரவைத்துப் பாருங்கள். முதுகு சீட்டில் ஒட்டியிருக்க, முழங்கால் சீட்டின் விளிம்பில் மடிந்து தொங்க வேண்டும். முழங்கால் விளிம்புக்கு வராவிட்டால் பிள்ளை முன்னால் சரிந்து உட்காரும், பெல்ட்டும் வயிற்றுக்கு ஏறும்.

எதைக் கொண்டுவருவது

பூஸ்டர் வயதுப் பிள்ளை என்றால் வேலை எளிது. முதுகுப்பகுதி இல்லாத பூஸ்டர் கைப்பெட்டி அளவுகூட இருக்காது. விமானத்திற்குள்ளேயே எடுத்துவாருங்கள், சரக்கில் போட்டால் எறிகிற எறியில் விரிசல் விடலாம். ஆனால் அதை விமான இருக்கையில் வைத்துப் பயன்படுத்த முடியாது, அங்கே தோள்பட்டை பெல்ட் இல்லை. 22 கிலோவுக்கும் 125 சென்டிமீட்டருக்கும் குறைந்த பிள்ளைக்கு முதுகு உள்ள பூஸ்டர்தான் நல்லது. இருட்டில் தூங்கித் தலை சாயும் பயணத்தில் அதன் அருமை தெரியும்.

பூஸ்டருக்கு முந்தைய பருவத்துக் குழந்தை என்றால் இன்னொரு சங்கதி இருக்கிறது. அமெரிக்காவிலும் கனடாவிலும் கார் பெல்ட்டை முழுவதும் வெளியே இழுத்துவிட்டால் அது பூட்டிக்கொண்டு, குழந்தைக்கான தனி கார் சீட்டை அசையாமல் பிடித்துக்கொள்ளும். இங்கே பெரும்பாலான கார்களில் பெல்ட் அப்படிப் பூட்டிக்கொள்ளாது, திடீரென்று இழுபட்டால் மட்டுமே நிற்கும். எனவே உங்கள் கார் சீட்டிலேயே பெல்ட்டைக் கவ்விப்பிடிக்கும் பூட்டு இருக்கிறதா என்று கிளம்புமுன் கையேட்டைப் பாருங்கள். பெல்ட் இல்லாமலே அந்த சீட்டை மாட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கி உள்ள கார் கிடைத்தால் தொல்லை இல்லை. ஆனால் வாடகைக் காரில் அதை நம்பி வராதீர்கள். பூஸ்டருக்கு இந்தக் கவலை எதுவுமே கிடையாது, பெல்ட் பிள்ளையைப் பிடித்தால் போதும்.

கொண்டுவர மறந்தவர்கள் சென்னையிலேயே வாங்கலாம். ஆனால் பொம்மைக் கடையில் தொங்கும் பஞ்சு மெத்தையும் வார்ப்பட்டையும் வேண்டாம். பாதுகாப்புத் தரத்துக்கு அடையாளமாக, வட்டத்துக்குள் ஆங்கில 'E' எழுத்துப் பொறித்த ஒட்டு இருக்கிறதா என்று பாருங்கள்.

வண்டி பிடிக்கும்போது

செயலியில் வண்டி பிடித்தால் எந்தக் கார் வரும் என்பது அதிர்ஷ்டம். அதனால் விமான நிலையப் பயணத்துக்கு மட்டுமாவது, உறவினர்களுக்குத் தெரிந்த பேட்டை டிராவல்ஸிடம் முன்கூட்டியே பேசிவிடச் சொல்லுங்கள். "கார் இருக்கிறதா?" என்று கேட்டால் போதாது. "அண்ணா, பின்சீட் பெல்ட் வேலை செய்கிறதா? பக்கிளை எடுத்து வெளியே வைத்திருங்கள்" என்று சொல்லச் சொல்லுங்கள்.

ஏன் இப்படிக் கேட்க வேண்டும் என்பது வண்டிக்குள் ஏறினால் புரியும். பின்சீட்டுக்கு ரெக்சின் கவர் தைத்துப் போட்டிருப்பார்கள். பெல்ட்டைச் செருகும் பக்கிள் மூன்றும் அந்தக் கவருக்கு அடியில், மெத்தை இடுக்கில் புதைந்து கிடக்கும். சீட்டும் முதுகும் சேருமிடத்தில் விரலை நுழைத்துத் துழாவினால் பழைய டிக்கெட்டும் கடலைத் தோலும் வரும், அதற்கப்புறம்தான் பக்கிள் வரும். சில வண்டிகளில் கவரையே கழற்ற வேண்டியிருக்கும். இந்த வேலையை விமான நிலைய வாசலில், பின்னால் நிற்கும் வண்டி ஹாரன் அடிக்க, காவலர் "எடுங்கள், எடுங்கள்" என்று விரட்டும்போது செய்ய முடியாது. பக்கிள் கிடைத்ததும் பெல்ட்டைச் செருகி, சொடுக்கென்று ஒருமுறை இழுத்துப் பாருங்கள், நிற்க வேண்டும். அலாரம் அடிக்காமலிருக்க வெறும் உலோகத் துண்டைச் செருகிவைத்திருந்தால் அதை முதலில் பிடுங்குங்கள். அந்தத் துண்டுகளை இணையத்தில் விற்கக் கூடாதென்று 2023இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையமே உத்தரவிட்டது.

பின்சீட்டின் நடுவில் பழைய கார்களில் இடுப்புப் பட்டை மட்டும்தான் இருக்கும். அதில் பூஸ்டர் வைக்கவே கூடாது, மார்பைப் பிடிக்க ஒன்றுமில்லாமல் பிள்ளை இடுப்போடு மடங்கிவிடும். ஓரச் சீட்டுதான் சரி, அதிலும் இடப்பக்கம். இங்கே நடைபாதை இடப்பக்கம் வருவதால், பிள்ளையை ஏற்றுவதும் இறக்குவதும் வண்டிகள் போகாத பக்கத்தில் நடக்கும். கனடா, பிரான்ஸ், ஜெர்மனியிலிருந்து வருகிறவர்களுக்குக் கை தானாக வலப்பக்கக் கதவுக்குப் போகும், கவனம்.

பல கால் டாக்சிகளில் டிக்கியை சிஎன்ஜி சிலிண்டர் அடைத்துக்கொண்டிருக்கும். 23 கிலோ பெட்டி சீட்டுக்கு வரும், பிள்ளை மடிக்குப் போகும். மேலே கேரியர் உள்ள வண்டி கேளுங்கள். இதைவிடப் பெரிய சிக்கல் வரவேற்புக் குழு. மாமா, சித்தப்பா, அவர் மகன் என்று மூன்று பேர் பாசத்தோடு அதே காரில் வந்து நின்றால், திரும்பும்போது பிள்ளைக்குச் சீட் கிடையாது. அவர்கள் வீட்டு வாசலில் ஆரத்தித் தட்டோடு காத்திருந்தாலே போதும் என்று முன்பே சொல்லிவிடுங்கள். வருத்தப்படுவார்கள். பரவாயில்லை.

பகலில் இறங்குகிறவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. 2021 பிப்ரவரியிலிருந்து விமான நிலையத்தில் ஏறினால் வண்டி மாறாமல் வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் என்று விம்கோ நகர் வரை மெட்ரோ ரயில் போகிறது. பெட்டிகளை உறவினர் காரில் அனுப்பிவிட்டு நீங்கள் பிள்ளைகளோடு ரயிலில் வரலாம். பூஸ்டர் பேச்சே எழாது.

ஆயாவிடம் பேசுவது

"பச்சைப் பிள்ளையை ஏன் கட்டிப்போடுகிறாய், நான் பிடித்துக்கொள்கிறேன்" என்று ஆயா, அதாவது பாட்டி, சொல்வார். சொல்லாத ஆயாவை ராயபுரத்தில் நான் பார்த்ததில்லை. சட்டத்தையும் விசையையும் அவரிடம் விளக்கிப் பயனில்லை. பிள்ளைக்குப் பக்கத்துச் சீட்டை அவருக்குக் கொடுத்து, பெல்ட் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளும் பொறுப்பை ஒப்படைத்துவிடுங்கள். அதன்பின் அந்த பெல்ட்டை யாரும் கழற்ற முடியாது. பெரியவர்களும் பெல்ட் போட வேண்டும் என்பதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். பெல்ட் போடாத பெரியவர் பக்கத்திலிருக்கும் பிள்ளை மேல்தான் வந்து விழுவார்.

கல்யாணத்துக்குப் போகும் நாளில் பட்டுப்பாவாடை ஒரு தனிப் பிரச்சினை. பட்டு வழுக்கும், கொசுவம் இடுப்பில் உப்பி நிற்கும், பெல்ட் அதன் மேல் ஏறி வயிற்றில் உட்காரும். பிள்ளையை உட்காரவைத்தபின் பாவாடையை முன்பக்கம் தட்டிச் சமமாக்கி, கீழ்ப்பட்டையைத் தொடையோடு ஒட்டிக் கீழே இழுத்து, பிறகு மேல்பட்டையை இழுத்துத் தொய்வை எடுங்கள். ஜடை வைத்துப் பூ தைத்திருந்தால் தலை பின்னால் சாயாது, பிள்ளை குனிந்தே உட்காரும். ஜடையை மண்டபத்தில் வைத்துக்கொள்ளலாம்.

வேகம் எங்கே இருக்கிறது

காலடிப்பேட்டைச் சந்துகளிலும் காசிமேட்டிலும் வண்டி ஊர்ந்துதான் போகும். எண்ணூர் விரைவுச்சாலையும் மணலி சாலையும் அப்படியல்ல. துறைமுகத்துக்குப் போகிற கண்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும், ஒன்றை ஒன்று முந்தும், ஓரத்தில் விளக்கில்லாமலும் நிற்கும். சிறுவாபுரி முருகனைப் பார்க்கவோ திருப்பதிக்கோ கிளம்பினால் செங்குன்றம் தாண்டியதும் நெடுஞ்சாலை வேகம். குடும்பம் பெரிதென்று வேன் எடுப்பார்கள். வேன்களில் பெரும்பாலும் இடுப்புப் பட்டைதான், அல்லது அதுவும் இல்லை. பூஸ்டர் பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்கு ஒரு வேனைவிட இரண்டு கார்களே நல்லது, செலவு சற்றுக் கூடினாலும்.

ஆட்டோவில் பெல்ட் கிடையாது, பூஸ்டருக்கு வேலையும் இல்லை. கடைக்கும் கோயிலுக்கும் கிட்டத்துப் பயணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், பிள்ளையை இரண்டு பெரியவர்களுக்கு நடுவில் உட்காரவையுங்கள். ஸ்கூட்டரில் முன்னால் நிற்கவைத்து ஒரு சுற்று கூட்டிப்போகிறேன் என்று மாமா கேட்டால், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். நான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு இடுப்புவாரும் தலைக்கவசமும் வேண்டும், 40 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்று 2023 பிப்ரவரி முதல் விதியே இருக்கிறது. நான்கைத் தாண்டிய பிள்ளைக்கும் தலைக்கவசம் கட்டாயம்.

வெயிலில் நிறுத்திய காரில் பக்கிளின் உலோகம் தொடையைச் சுட்டுவிடும். இறங்கும்போது பூஸ்டரின் மேல் ஈரமில்லாத துண்டைப் போட்டு மூடிவிட்டுப் போங்கள். ஐந்து நிமிடம்தானே என்று பிள்ளையை மட்டும் காரில் விடவே வேண்டாம்.

ஊர் திரும்பும்போது பூஸ்டரைத் தங்கை பிள்ளைக்குக் கொடுத்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. நல்லதுதான், அவர்களிடம் கார் இருந்தால். கொடுக்குமுன் அதைத் திருப்பிப் பாருங்கள். பல தயாரிப்புகளில், குறிப்பாக வட அமெரிக்காவில் வாங்கியவற்றில், எந்த ஆண்டு வரை பயன்படுத்தலாம் என்று அடிப்பகுதியில் அச்சிட்டிருக்கும்.