ஃபேமிலி குரூப்பில் அரசியல் ஃபார்வேர்டு: சரிபார்ப்பதும் பதில் சொல்வதும்

காலை ஆறரைக்குப் பெரியப்பா குட் மார்னிங் படத்தோடு ஒரு நியூஸ் கார்டையும் அனுப்புகிறார். ஏழு மணிக்குள் மாமா ‘அப்படிப் போடு’ என்கிறார். சித்தி கைகூப்பிய எமோஜி வைக்கிறார். கல்லூரிக்குப் போகும் பையன் ‘ஃபேக்’ என்று ஒரே சொல்லில் முடிக்கிறான். எட்டு மணிக்குச் சண்டை தொடங்கிவிடுகிறது. இதில் யாருமே அந்தக் கார்டைப் பெரிதாக்கிப் பார்த்திருக்க மாட்டார்கள், ‘ஃபேக்’ என்ற பையன் உட்பட. பார்ப்பதற்குப் பத்து நிமிடம் போதும். பார்த்ததைச் சொல்வதற்குத்தான் கொஞ்சம் பக்குவம் வேண்டும்.

முதலில் அம்புக்குறி. வாட்ஸ்அப்பில் செய்தியின் தலையில் ஒற்றை அம்பு இருந்தால், அனுப்பியவர் எழுதியதல்ல, வேறெங்கிருந்தோ வந்தது. இரட்டை அம்பு இருந்தால் குறைந்தது ஐந்து கை மாறி வந்தது. அப்படிப்பட்டதை ஒரு நேரத்தில் ஒரே ஒரு சாட்டுக்குத்தான் தள்ள முடியும்; 2020 ஏப்ரலில் வந்த கட்டுப்பாடு அது. அம்பு இல்லையென்றால் நம்பலாம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. காப்பி செய்து ஒட்டினாலும், ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பினாலும் அம்பு உதிர்ந்துவிடும். இரட்டை அம்பைப் பார்த்த பிறகு ‘இது எங்கே கிடைத்தது பெரியப்பா?’ என்று கேட்பது வீண். அவருக்கும் தெரியாது, கேட்டால் குற்றம்சாட்டுவது போலத்தான் அவருக்குப் படும்.

நியூஸ் கார்டு

தமிழ்நாட்டு அரசியல் பொய்களுக்குப் பிடித்த வாகனம் நியூஸ் கார்டு. சேனல் லோகோ, தேதி, தலைவரின் படம், அவர் சொன்னதாக இரண்டு வரி. போலியாக்குவது எளிது. சேனலின் உண்மையான பழைய கார்டை எடுத்து எழுத்தை மட்டும் மாற்றுவார்கள், அல்லது அதே வடிவத்தைப் புதிதாகச் செய்துகொள்வார்கள்.

கார்டைச் சேமித்து, விரலால் விரித்துப் பெரிதாக்குங்கள். சேனல்கள் பொதுவாக ஒரே எழுத்துருவைத் தொடர்ந்து பயன்படுத்தும். அதே சேனலின் வேறொரு கார்டைப் பக்கத்தில் வைத்து ‘ழ’, ‘ணை’, ‘ஸ்ரீ’ போன்ற எழுத்துகளை ஒப்பிட்டால் மாற்று எழுத்துரு காட்டிக்கொடுத்துவிடும். பழைய வரியை அழித்த இடத்தில் பின்னணியின் நிறம் லேசாகத் திட்டாக நிற்கும். தேதி இல்லாமல் இருப்பது, தேதி மட்டும் மங்கலாக இருப்பது இரண்டும் சந்தேகத்துக்கு இடம். ஒற்றுப்பிழையை மட்டும் வைத்துப் போலி என்று தீர்ப்பு எழுதாதீர்கள். அந்தக் கணக்கில் பார்த்தால் அசல் கார்டுகளில் பாதி தேறாது.

இதெல்லாம் சந்தேகத்தைக் கூட்டும், அவ்வளவுதான். முடிவு செய்ய ஒரே வழி, அந்தச் சேனலின் ஃபேஸ்புக், எக்ஸ் அல்லது இன்ஸ்டாகிராம் பக்கத்துக்கே போய், கார்டில் உள்ள தேதிக்கு உருட்டிப் பார்ப்பது. இருந்தால் அசல். இல்லையென்றால் சேனல் பெயரோடு ‘போலி’ என்ற சொல்லையும் தலைவர் பெயரையும் சேர்த்துத் தேடுங்கள். தங்கள் பெயரில் போலி சுற்றினால் சேனல்களே அதன்மேல் முத்திரை குத்தி மறுப்பு வெளியிடுவது வழக்கம். மறுப்பும் இல்லை, அசலும் இல்லை என்றால்? சேனல் போட்டுவிட்டு நீக்கியிருக்கவும் கூடும். அப்போது, இவ்வளவு பெரிய பேச்சை வேறு எந்தச் சேனலும் மறுநாள் நாளிதழும் தொட்டிருக்கிறதா என்று பாருங்கள். அமைச்சர் ஒருவர் சொந்த வாக்காளர்களைத் திட்டியதை ஒரே ஒரு சேனல் மட்டும் ஒரே ஒரு கார்டாகப் போட்டிருக்காது.

படத்தின் ‘ப்ராப்பர்ட்டீஸ்’ பார்த்து எடுத்த நாளைக் கண்டுபிடிக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பும்போதே அந்தத் தகவல்கள் உதிர்ந்துவிடும். நேரம்தான் வீண்.

வீடியோ

2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்கள் தாக்கப்படுகிறார்கள் என்று வீடியோக்கள் நாடு முழுக்கச் சுற்றின. தமிழ்நாடு காவல்துறைத் தலைவர் மறுப்பு வெளியிட வேண்டி வந்தது. அவர் குறிப்பிட்ட இரண்டு வீடியோக்களில் ஒன்று பீகார் தொழிலாளர்கள் தங்களுக்குள் மோதிக்கொண்டது. மற்றது உள்ளூர்க்காரர்களுக்கு இடையே கோவையில் நடந்த சண்டை. அடிதடி நடந்தது பொய்யில்லை. யார் யாரை அடித்தார்கள் என்ற தலைப்புதான் பொய். பெரும்பாலான வீடியோப் பொய்கள் இந்த ரகம்தான். அதனால் ‘வீடியோ இருக்கே, கண்ணால பாத்தோமே’ என்பவரிடம் வீடியோவே பொய் என்று வாதாட வேண்டாம். ஊர் எது, நாள் எது என்று தேடுங்கள்.

வீடியோவை ஒலியில்லாமல் ஒருமுறை ஓடவிடுங்கள். குரல் பின்னால் சேர்த்ததாக இருக்கலாம். அது காதில் விழுந்துகொண்டிருக்கும்வரை கண் சரியாக வேலை செய்யாது. கடைப் பலகையின் மொழி, வண்டி எண்ணின் முதல் இரண்டு எழுத்து, பேருந்தின் நிறம், போலீஸ் சீருடை ஆகியவற்றைக் கவனியுங்கள். ஏதாவது தெளிவாகத் தெரியும் மூன்று நான்கு இடங்களில் நிறுத்தி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். மேலே கீழே ஒட்டியிருக்கும் தமிழ்த் தலைப்பை வெட்டிவிட்டு, படத்தை வைத்துத் தேடும் கூகுள் லென்ஸில் போடுங்கள். தலைப்போடு போட்டால் லென்ஸ் அந்த எழுத்தைப் படித்து, அதே பொய்யின் வேறு பிரதிகளைக் கொண்டுவந்து கொட்டும். வந்த முடிவுகளில் மிகப் பழையதைத் தேடுங்கள். ‘நேற்று நடந்தது’ என்று வந்த வீடியோ மூன்று வருடத்துக்கு முந்தைய யூடியூப் பதிவில் இருந்தால் வேலை முடிந்தது.

ஏஐ படங்களில் தமிழ்ப் பலகைகளைப் பெரிதாக்கிப் பாருங்கள். தமிழ் போலவே தெரியும், படிக்க வராது. புதிய கருவிகள் இதைத் திருத்திக்கொண்டே வருகின்றன. பலகை சரியாக இருப்பதால் படம் அசல் என்று ஆகாது. குரல் இன்னும் சிக்கல். 2024 ஜனவரியில் சேலம் இளைஞரணி மாநாட்டில் திமுக கருணாநிதியை ஏஐ மூலம் பேச வைத்தது. அடுத்த மாதமே அதிமுக ஜெயலலிதாவின் குரலில் உரை வெளியிட்டது. கட்சிகளே வெளிப்படையாகச் செய்ததை, சொல்லாமல் செய்கிறவனுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? குரல் பதிவு மட்டும் தனியாக வந்தால், எங்கே எப்போது பேசியது என்பது தெரியும்வரை பதில் போடாமல் இருப்பதே சரி.

எழுத்து ஃபார்வேர்டு

படம் இல்லாமல், சட்டப் பிரிவு எண்களோடு வருவதற்கு மரியாதை அதிகம். ஒவ்வொரு தேர்தலுக்கும் தவறாமல் வரும் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அது சொல்வது இது: வாக்காளர் பட்டியலில் பெயர் இல்லையென்றால் அடையாள அட்டையைக் காட்டி 49ஏ-யின்படி ‘சேலஞ்ச் ஓட்டு’ போடலாம். உங்கள் ஓட்டை வேறொருவர் போட்டுவிட்டால் ‘டெண்டர் ஓட்டு’ கேட்கலாம். ஒரு பூத்தில் 14 சதவீதத்துக்கு மேல் டெண்டர் ஓட்டு விழுந்தால் மறுவாக்குப்பதிவு.

இதைத் துண்டு துண்டாக்க வேண்டும். ஒரு வாக்கியம், ஒரு கேள்வி. முதலாவது பொய்: பட்டியலில் பெயர் இல்லையென்றால் எந்த அட்டையைக் காட்டினாலும் ஓட்டு இல்லை. 1961ஆம் ஆண்டுத் தேர்தல் நடத்தை விதிகளில் 49ஏ என்பது வாக்குப்பதிவு இயந்திரத்தின் வடிவமைப்பைப் பற்றியது. ‘சேலஞ்ச்’ என்று ஒன்று உண்டு. ஆனால் அது வாக்காளருக்கான வசதி இல்லை. வந்தவர் அந்த ஆள்தானா என்று வேட்பாளரின் ஏஜென்ட் 2 ரூபாய் கட்டி ஆட்சேபிப்பது அது. இரண்டாவது உண்மை: 49பி (49P) விதியில் டெண்டர் ஓட்டு இருக்கிறது, இயந்திரத்தில் இல்லாமல் வாக்குச்சீட்டில் போட வேண்டும். மூன்றாவது கற்பனை: 14 சதவீதம் என்று எந்த விதியும் இல்லை.

நடுவில் ஒரு உண்மை இருப்பதால்தான் முழுப் பொய்யும் இத்தனை தேர்தலாக உயிரோடு இருக்கிறது. ‘எல்லாம் பொய்’ என்று பதில் போட்டால், டெண்டர் ஓட்டு உண்மை என்று தெரிந்த மாமா ஒருவர் உங்களை மடக்கிவிடுவார். உண்மையை முதலில் ஒப்புக்கொண்டு, பிறகு பொய்யைச் சொல்லுங்கள். கூடவே பயனுள்ள ஒன்றையும் சேருங்கள்: பெயர் இருக்கிறதா என்று 1950 எண்ணிலோ, தேர்தல் ஆணையத்தின் செயலியிலோ முன்பே பார்த்துக்கொள்ளலாம்.

எண்கள்

எண்ணைப் பற்றிய சண்டையில் இரு தரப்பும் வேறு வேறு எண்ணைப் பேசிக்கொண்டிருப்பது வழக்கம். 2025 பிப்ரவரி, மார்ச்சில் தொகுதி மறுவரையறை விவாதம், அதாவது மக்கள்தொகையை வைத்து மாநிலங்களுக்கு மக்களவை இடங்களைத் திரும்பப் பிரிப்பது பற்றிய விவாதம், அப்படித்தான் ஓடியது. தமிழ்நாடு 8 இடம் இழக்கும் என்றார் முதல்வர் ஸ்டாலின். தென் மாநிலங்கள் ஒரு இடம்கூட இழக்காது என்றார் அமித் ஷா. மக்களவையின் 543 இடங்களில் தமிழ்நாட்டுக்கு 39, அதாவது சுமார் 7.2 சதவீதம். அப்போது பேசப்பட்ட ஒரு கணக்கு, அவையை 848 ஆக்கினால் தமிழ்நாட்டுக்கு 49 என்றது. பத்து இடம் கூடுகிறது, பங்கு 5.8 சதவீதமாக இறங்குகிறது. இடமா, பங்கா என்பதை முதலில் பிரித்துக் கேட்டால் பாதி சத்தம் அடங்கும். மாநிலக் கடன் பற்றிய ஃபார்வேர்டிலும் இதே கேள்விதான்: மொத்தத் தொகையா, மாநிலப் பொருளாதாரத்தில் எத்தனை சதவீதம் என்பதா? இதற்கு மாநில பட்ஜெட் ஆவணங்களையும், ரிசர்வ் வங்கி வெளியிடும் மாநில நிதிநிலை அறிக்கையையும் பார்க்க வேண்டும், மீமை அல்ல.

சரிபார்ப்புத் தளங்களைப் பற்றி ஒரு வார்த்தை. மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகமான பிஐபி நடத்தும் சரிபார்ப்புப் பிரிவு, தமிழ்நாடு அரசின் தகவல் சரிபார்ப்பகம் இரண்டும் அரசு ஆணை, திட்டம், அறிவிப்பு போலியா என்று பார்க்கப் பயன்படும். அரசே ஒரு தரப்பாக இருக்கும் விவாதத்தில் அவற்றின் முத்திரையை மட்டும் காட்டினால் எதிர்த் தரப்பு ஏற்காது. ஏற்காததில் நியாயமும் உண்டு. தன்னைப் பற்றிய செய்திகளின் உண்மையைத் தானே தீர்மானிக்க மத்திய அரசு கொண்டுவந்த விதித் திருத்தத்தை 2024 செப்டம்பரில் பம்பாய் உயர் நீதிமன்றம் செல்லாது என்றது. அந்த மாதிரி நேரத்தில் மூல ஆவணத்தையோ சுயேச்சையான தளத்தையோ கொடுங்கள்.

பதில் சொல்வது

கருத்தைச் சரிபார்க்காதீர்கள். ‘இந்த ஆட்சி சரியில்லை’ என்பது கருத்து. அதற்கு லிங்க் அனுப்புவது சண்டைக்குத்தான் அழைப்பு. ‘இந்த ஆட்சி இன்ன ஆணை போட்டது’ என்பதைத்தான் சரிபார்க்க முடியும்.

வயதில் மூத்தவரென்றால் குரூப்பில் திருத்தாமல் தனியாக அனுப்புங்கள், முடிந்தால் போனில் பேசுங்கள். ‘பெரியப்பா, காலைல போட்ட கார்டு அந்த சேனல் பேஜ்ல இல்ல, போலின்னு அவங்களே போட்டிருக்காங்க. எடுத்துட்டீங்கன்னா நல்லாருக்கும்’ என்றால் போதும். ஒரே ஒரு லிங்க். ஐந்து லிங்க் அனுப்பினால் ஒன்றும் திறக்கப்படாது. ‘டெலீட் ஃபார் எவ்ரிஒன்’ இரண்டு நாளுக்குச் சற்று மேல் வரைக்கும் வேலை செய்யும் என்பதால் அவருக்கு அவகாசம் இருக்கிறது. மன்னிப்பு, விளக்கம் எதையும் கேட்காதீர்கள். செய்தி காணாமல் போனாலே போதும்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. குழந்தை கடத்தல், சாதி மத மோதல், வெளியூர்க்காரர்கள் என்று யார்மீதாவது கை ஓங்க வைக்கும் செய்தி வந்தால் மரியாதை பார்க்காமல் குரூப்பிலேயே உடனே மறுக்க வேண்டும். 2018 மே மாதம், இப்படி ஒரு வதந்தி பரவியிருந்த நேரத்தில், போளூர் அருகே குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்த 65 வயதுப் பெண்ணை ஊரே சேர்ந்து அடித்துக் கொன்றது. அந்த மாதிரிச் செய்தியில் சந்தேகம் இருந்தால் 112க்கு அழைத்துக் கேளுங்கள்.

‘நான் எழுதலையே, ஃபார்வேர்டுதானே பண்ணேன்’ என்பது சட்டத்தில் நிற்காது. பெண் பத்திரிகையாளர்களைப் பற்றி 2018இல் பகிர்ந்த பதிவுக்காக நடிகர் எஸ்.வி. சேகர் மீது போடப்பட்ட வழக்குகளை ரத்து செய்ய 2023 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் மறுத்துவிட்டது. பதிவை நீக்கி மன்னிப்புக் கேட்டதும் போதவில்லை. உறுப்பினர் போட்டதற்கு அட்மின் தானாகவே பொறுப்பாக மாட்டார் என்று கேரள உயர் நீதிமன்றம் 2022இல் சொன்னது. அதை நம்பிக் கண்ணை மூடிக்கொள்ள வேண்டாம். யாருடைய செய்தியையும் அட்மினால் எல்லோருக்கும் அழிக்க முடியும். ஆனால் அழித்தது அட்மின் என்று பெயரோடு அங்கே தெரியும். முன்பே ஒரு வார்த்தை போன் செய்துவிடுங்கள்.

தேர்தலுக்கு முந்தைய இரண்டு நாள் குரூப் தாங்காது என்று தெரிந்தால், குரூப் அமைப்புகளில் செய்தி அனுப்பும் உரிமையை அட்மின்களுக்கு மட்டும் என்று மாற்றி வைக்கலாம். முடிவு வந்த மறுநாள் திறந்துவிட மறக்காதீர்கள். மறந்தால் யார் வீட்டுக் கல்யாணத் தேதியையும் அந்தக் குரூப்பில் போட முடியாது, அதற்கும் அட்மினைத்தான் திட்டுவார்கள்.