ஆப்பிள் கிரிஸ்ப்பும் பிற இலையுதிர்கால இனிப்புகளும்: நீரைக் கணக்கில் கொள்ளாததால் நேரும் தவறுகள்

இலையுதிர்காலம் தொடங்கியதும் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்திலும் அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களிலும் ஆப்பிள் தோட்டங்கள் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்படுகின்றன. செப்டம்பர், அக்டோபர் மாத வார இறுதிகளில் குடும்பம் குடும்பமாகச் சென்று பறித்துக்கொண்டு வரும் பழங்கள் எளிதில் தின்று தீர்வதில்லை. எஞ்சியவற்றை அங்குள்ள வீடுகளில் பெரும்பாலும் ஆப்பிள் கிரிஸ்ப்பாகச் செய்துவிடுவார்கள். நறுக்கிய பழத்தை ஆழமான தட்டில் நிரப்பி, மைதா, ஓட்ஸ், பிரவுன் சர்க்கரை, வெண்ணெய் ஆகியவற்றைப் பிசறிய உதிரியை (டாப்பிங்) மேலே தூவி, ஓவனில் வேகவைத்து எடுப்பதே இந்த இனிப்பு. பிரிட்டனில் வழங்கும் கிரம்பிளும் ஏறக்குறைய இதுவே. அதில் பெரும்பாலும் ஓட்ஸ் சேர்வதில்லை. வெண்ணெயும் சர்க்கரையும் பங்கீட்டில் கிடைத்த இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், மாவுத் தகட்டுக்குள் பழத்தை வைத்து வேகவைக்கும், கொழுப்பு மிகுதியாகத் தேவைப்படும் ‘பை’ (pie) என்னும் இனிப்புக்கு மாற்றாக அது அங்கே பரவியது என்பர்.

மாவைத் தேய்க்க வேண்டியதில்லை, முட்டை அடிக்க வேண்டியதில்லை என்பதால் இதில் தவறு நேர வாய்ப்பில்லை என்று பலரும் எண்ணுகிறார்கள். ஆனால் மேற்பகுதி நொறுநொறுப்பாகவும், அடியில் உள்ள பழம் குழைந்தும் கெட்டியான சாற்றோடும் அமைந்த கிரிஸ்ப் அரிதாகவே கைகூடுகிறது. அடியில் குளம்போல் தேங்கும் சாறு, பசையாகிப்போன மேற்பகுதி, வேகாத பழத்துண்டுகள் என்று குறைகள் பலவாகத் தோன்றினாலும், அவற்றுள் பெரும்பாலானவற்றுக்கு மூலகாரணம் ஒன்றே என்பது என் துணிபு. ஆப்பிளின் எடையில் சுமார் 85 விழுக்காடு நீர். ஓவனின் சூட்டில் அந்த நீர் பழத்தை விட்டு வெளியேறுகிறது. அது எவ்வளவு, எப்போது வெளியேறும், எங்கே போய்ச் சேரும் என்பதை முன்கூட்டியே எண்ணிப் பார்க்காமல் செய்முறையில் இறங்குவதுதான் அந்த மூலகாரணம்.

பழத்தைத் தேர்வதில் நேரும் தவறு

தின்பதற்கு நன்றாக இருக்கும் ஆப்பிள் வேகவைப்பதற்கும் நன்றாக இருக்கும் என்று கொள்வது முதல் தவறு. பழத்தின் உயிரணுக்களை ஒன்றோடொன்று பிணைத்து வைத்திருப்பது பெக்டின் என்னும் பொருள். வேகும்போது அது கரைவதால்தான் பழம் மென்மையாகிறது. பெக்டின் விரைவில் கரையும் வகைகள் கூழாகிவிடும். மெதுவாகக் கரையும் வகைகள் துண்டு வடிவத்தை இழக்காமல் வேகும். ஒன்ராறியோவில் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோன்றிய மெக்கின்டோஷ் மணம் மிக்க பழமாயினும், வெந்ததும் குழைந்துபோகும். ரெட் டெலிஷியஸ் புளிப்பு மிகக் குறைந்தது. சர்க்கரையோடு சேர்ந்து வெந்தபின் அதில் வெறும் தித்திப்பே எஞ்சும். ஆஸ்திரேலியாவில் தோன்றிய பச்சை நிறத்து கிரானி ஸ்மித்தும், மினசோட்டா பல்கலைக்கழகம் 1991இல் வெளியிட்ட ஹனிகிரிஸ்ப்பும், பிரேபர்ன், ஜோனகோல்டு ஆகியவையும் வடிவம் குலையாமல் வேகும். எனினும் ஒரே வகையை மட்டும் இடுவதைவிட, கிரானி ஸ்மித்தில் முக்கால் பங்கும் குழையும் வகையில் கால் பங்கும் கலந்து இடுவது மேல். குழைந்த பழம் சாற்றைத் தானே கெட்டிப்படுத்திக்கொள்ளும்.

குழைவதைக் குறை என்று எல்லா இடத்திலும் சொல்லிவிட முடியாது. இங்கிலாந்தின் நாட்டிங்கம்ஷயரில் உள்ள சவுத்வெல் என்னும் ஊரில் மேரி ஆன் பிரெயில்ஸ்ஃபோர்டு என்ற சிறுமி 1809இல் ஊன்றிய விதையிலிருந்து முளைத்த மரமே பிராம்லி வகை ஆப்பிளின் தாய்மரம். பச்சையாகத் தின்ன முடியாத அளவுக்குப் புளிக்கும் அந்தப் பழம், வெந்தால் நுரைத்துக் குழம்பாகிவிடும். ஆங்கிலேயர்கள் கிரம்பிளில் விரும்புவது அந்தக் குழைவையே. ஆகவே பிராம்லியை வைத்து எழுதப்பட்ட ஆங்கிலேயச் செய்முறையை கிரானி ஸ்மித்தைக் கொண்டும், அமெரிக்கச் செய்முறையை பிராம்லியைக் கொண்டும் செய்பவர்களுக்கு, எதிர்பார்த்தது கிடைக்காமற்போவது இயல்பே. தமிழ்நாட்டுக் கடைகளுக்குக் காஷ்மீரிலிருந்தும் இமாசலப் பிரதேசத்திலிருந்தும் வருபவை பெரும்பாலும் டெலிஷியஸ் இனத்தைச் சேர்ந்தவை என்பதால், அங்கிருந்து முயல்பவர்கள் பாதியளவாவது பச்சை ஆப்பிள் சேர்ப்பது நல்லது.

நறுக்கும் அளவையும் பலர் பொருட்படுத்துவதில்லை. ஒரே தட்டில் மெல்லிய சீவல்களும் தடித்த துண்டுகளும் கலந்திருந்தால், தடித்தவை வேகுமுன் மெல்லியவை கரைந்துவிடும். ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைந்த தடிமனில், எல்லாத் துண்டுகளும் ஒத்த அளவில் இருக்க வேண்டும். மேலும், ஆப்பிளின் கன அளவில் ஏறக்குறைய கால் பங்கு காற்று. நீரில் அது மிதப்பதும் அதனால்தான். வேகும்போது அந்தக் காற்று வெளியேறிப் பழம் அமுங்கிவிடுவதால், தட்டின் விளிம்புக்குக் கீழே சமமாக நிரப்பினால் வெந்தபின் பாதித் தட்டே எஞ்சும். 20 சென்டிமீட்டர் சதுரத் தட்டுக்கு ஒரு கிலோ பழத்தைச் சற்றுக் குவியலாகவே நிரப்பலாம்.

சர்க்கரையும் புளிப்பும் கெட்டிப்படுத்தும் மாவும்

பழத்தோடு சர்க்கரையைக் கலந்து வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விடுவது மிகப் பரவலான தவறு. சர்க்கரை பழத்திலிருந்து நீரை இழுக்கும். அரை மணி நேரத்தில் கிண்ணத்தின் அடியில் சாறு தேங்கிவிடும். அப்படியே தட்டில் கொட்டினால் டாப்பிங்கின் அடிப்பகுதி அந்தச் சாற்றில் ஊறும். ஓவன் சூடேறிய பிறகே சர்க்கரையைக் கலக்க வேண்டும். ஏற்கெனவே சாறு இறங்கிவிட்டிருந்தால், அதை வடித்து ஒரு சிறு பாத்திரத்தில் பாதியாக வற்றும்வரை கொதிக்கவைத்துப் பழத்தின் மீதே ஊற்றலாம். சுவை சிறிதும் வீணாகாது.

நறுக்கிய ஆப்பிள் கறுக்காமலிருக்க எலுமிச்சைச் சாற்றைத் தாராளமாகப் பிழிகிறவர்கள் உண்டு. பட்டைத்தூளும் பிரவுன் சர்க்கரையும் சேர்ந்து எப்படியும் பழுப்பாகப் போகிற இனிப்பில் அந்தக் கவலை தேவையற்றது என்பது ஒருபுறம் இருக்க, புளிப்பு மிகுந்தால் பெக்டின் கரைவது தாமதப்படும்; ஏற்கெனவே புளிப்பான கிரானி ஸ்மித் துண்டுகள் முக்கால் மணி நேரம் கழித்தும் கடிபடுவதற்கு இதுவும் காரணம். ஒரு கிலோவுக்கு இரண்டு டீஸ்பூன் சாறு போதும்.

சாற்றைக் கெட்டிப்படுத்த ஒரு கிலோ ஆப்பிளுக்கு ஒரு மேசைக்கரண்டி கார்ன்ஃப்ளார் வேண்டும். வட அமெரிக்கக் கடைகளில் கார்ன்ஸ்டார்ச் என்று கேட்டு வாங்க வேண்டும், கார்ன்மீல் என்பது சோள ரவை. பீச், புளூபெர்ரி முதலிய சாறு மிகுந்த பழங்களுக்கு இரண்டு அல்லது மூன்று மேசைக்கரண்டி தேவைப்படும். உறைந்த பெர்ரிகளை உருகவிடாமல் அப்படியே இடுவது நல்லது. உருகியபின் இட்டால் அவற்றின் சாறு முழுவதும் முன்னரே வெளியேறியிருக்கும். கார்ன்ஃப்ளாரைத் தனியே தூவினால் கட்டி தட்டும் என்பதால், முதலில் சர்க்கரையோடு கலந்து, பின்பு பழத்தில் புரட்ட வேண்டும். இந்த மாவு முழுமையாகக் கெட்டிப்பட ஏறக்குறைய 95 டிகிரி செல்சியஸ் தேவை. எனவே மேற்பகுதி சிவந்துவிட்டது என்பதற்காகத் தட்டை முன்னதாக எடுப்பவர்களுக்கு, எவ்வளவு மாவு இட்டிருந்தாலும் சாறு நீர்த்தே இருக்கும்.

டாப்பிங்

கிரிஸ்ப்பின் உயிர் டாப்பிங்கில்தான் உள்ளது என்பதால் இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியுள்ளது. ஒரு கிலோ பழத்துக்கு 100 கிராம் மைதா, 80 கிராம் ஓட்ஸ், 100 கிராம் பிரவுன் சர்க்கரை, 110 கிராம் வெண்ணெய், அரை டீஸ்பூன் உப்பு என்ற அளவு பொருத்தமானது. இந்தியக் கடைகளில் ரொட்டியில் தடவுவதற்கென விற்கப்படும் வெண்ணெயில் பெரும்பாலும் உப்பு சேர்ந்தே இருப்பதால், அதைப் பயன்படுத்துபவர்கள் தனியே உப்பு சேர்க்கக் கூடாது. பிரவுன் சர்க்கரைக்குப் பதிலாகக் கட்டியில்லாத நாட்டுச் சர்க்கரையை அதே அளவில் இடலாம்.

ஓட்ஸில் மூன்று வகை உண்டு, மூன்றும் ஒன்றல்ல. இரண்டு நிமிடத்தில் கஞ்சியாகும் இன்ஸ்டன்ட் ஓட்ஸ் மெல்லியதாக நசுக்கப்பட்டது என்பதால், வெண்ணெயில் உள்ள நீரையும் பழத்தின் ஆவியையும் உறிஞ்சிப் பசையாகிவிடும். தானியத்தை நசுக்காமல் துண்டுகளாக வெட்டிய ஸ்டீல் கட் ஓட்ஸ், இந்த நேரத்தில் வேகாமல் கல்லாகவே நிற்கும். தட்டையாக உருட்டப்பட்ட ரோல்டு ஓட்ஸே இதற்கு உரியது.

வெண்ணெயைப் பற்றிய தவறு இதைவிடப் பெரிது. வெண்ணெய் முழுவதும் கொழுப்பன்று. அதில் ஏறக்குறைய 16 விழுக்காடு நீர் உள்ளது. அறைச்சூட்டில் இளகிய வெண்ணெயை மாவில் இட்டு நெடுநேரம் தேய்த்தால், அந்த நீர் மாவோடு சேர்ந்து பிசைந்த மாவாகவே அது மாறிவிடும். வெந்தபின் தகடுபோல் இறுகும். குளிர்ந்த வெண்ணெயைச் சிறு துண்டுகளாக்கி, விரல் நுனியால் மட்டும் விரைந்து பிசற வேண்டும். புட்டுக்குப் பிசறிய மாவைப் போல, கையில் பிடித்தால் பிடிபட்டு, விரலால் தொட்டால் உதிர வேண்டும். அங்கங்கே பட்டாணி அளவுக் கட்டிகள் இருப்பது நல்லதே. கை சூடானவர்களும் வெப்பமான ஊர்களில் இருப்பவர்களும் பிசறிய டாப்பிங்கை அரை மணி நேரம் குளிர்பெட்டியில் வைத்துவிட்டுத் தூவலாம். மாறாக, உடல்நலம் கருதி வெண்ணெயைப் பாதியாகக் குறைத்தால், நனையாத மாவு வெள்ளைப் பொடியாகவே மேலே நின்றுவிடும். வெண்ணெயைக் குறைக்க விரும்புபவர்கள் டாப்பிங்கின் மொத்த அளவையே குறைத்துக்கொள்வதுதான் முறை.

தூவிய பின் கையாலோ கரண்டியாலோ அழுத்திச் சமப்படுத்தும் பழக்கத்தைக் கட்டாயம் கைவிட வேண்டும். அழுத்தப்பட்ட டாப்பிங் ஒரு மூடியாகிவிடுகிறது. பழத்திலிருந்து எழும் ஆவி வெளியேற வழியின்றி அதன் அடிப்புறத்திலேயே படிந்து ஈரமாக்கிவிடும்.

பட்டைத்தூளைப் பற்றியும் ஒரு சொல். வட அமெரிக்கக் கடைகளில் விற்கப்படுவது பெரும்பாலும் இந்தோனேசியாவிலிருந்தும் வியட்நாமிலிருந்தும் வரும் காசியா பட்டை. காரமும் மணமும் மிக்கது, ஒரு கிலோ பழத்துக்கு ஒரு டீஸ்பூன் போதும். இலங்கையின் கறுவா மென்மையான, நுட்பமான மணம் உடையது. அதைச் சற்றுக் கூடுதலாக, டாப்பிங்கில் இடாமல் பழத்திலேயே கலந்தால்தான் வெண்ணெயின் மணத்துக்கிடையே அது தெரியும்.

ஓவனில்

190 டிகிரி செல்சியஸுக்கு முன்கூட்டியே சூடாக்கிய ஓவனில் 40 முதல் 50 நிமிடம் வேகவைக்க வேண்டும். சூடேறாத ஓவனில் வைத்தால் டாப்பிங் இறுகுமுன்னரே வெண்ணெய் உருகிப் பழத்துக்குள் வடிந்துவிடும். தட்டின் ஓரங்களில் மட்டுமன்றி நடுப்பகுதியிலும் சாறு கொதித்து, குமிழ்கள் மெதுவாக, கனமாக வெடிப்பதே வெந்ததன் அடையாளம். அதற்குமுன் மேற்பகுதி கருகத் தொடங்கினால் அலுமினியத் தாளைத் தளர்வாக மேலே வைக்கலாம். இறுக மூடினால் ஆவி அடைபடும். ஓடிஜி வகைச் சிறு அடுப்புகளில் மேல் கம்பி தட்டுக்கு மிக அருகில் இருப்பதால், கீழ்த் தளத்தில் வைப்பதே பாதுகாப்பு. குளிர்பெட்டியிலிருந்து எடுத்த கண்ணாடித் தட்டை நேரே சூடான ஓவனில் வைப்பது ஆபத்தானது. வெப்பமாற்றம் தாங்காமல் அது வெடித்துச் சிதறக்கூடும்.

எடுத்தவுடன் பரிமாறுவதும் தவறே. கார்ன்ஃப்ளார் கலந்த சாறு ஆறும்போது மேலும் கெட்டிப்படும் என்பதால் 20 நிமிடமாவது பொறுத்து, அதன்பின் ஐஸ்கிரீமோடு பரிமாறலாம். மிஞ்சியதை மறுநாள் மைக்ரோவேவில் சூடாக்கினால் டாப்பிங் தளர்ந்துவிடும். ஓவனில் 175 டிகிரியில் கால் மணி நேரம் வைத்தால் நொறுநொறுப்பு பெருமளவு திரும்பும்.

பேரிக்காய், காப்ளர், பூசணி

பேரிக்காய் மரத்திலிருந்து பறித்த பிறகு உள்ளிருந்து வெளியாகப் பழுப்பது. வெளியே மென்மையாகும்வரை காத்திருந்தால் உட்புறம் அளிந்திருக்கும். காம்பருகே மெல்ல அழுத்தினால் சிறிது அமுங்கும் நிலையே சரியானது. பாஸ்க், அஞ்சூ வகைகள் வடிவம் குலையாது, பார்ட்லெட் குழையும். பெக்டின் மிகுந்த கிரான்பெர்ரியைக் கணிசமாகச் சேர்க்கும்போது கார்ன்ஃப்ளாரைக் குறைத்துக்கொள்ள வேண்டும், இல்லையெனில் பழக்கலவை கெட்டிப் பசையாகிவிடும்.

காப்ளரில் பழத்தின் மேல் மாவு உருண்டைகளை வைத்து வேகவைக்கிறார்கள். குளிர்ந்த பழத்தின்மீது வைத்தால் உருண்டைகளின் மேற்புறம் சிவந்திருக்க, அடிப்புறம் பச்சை மாவாகவே நிற்கும். பழத்தை மட்டும் முதலில் கொதிநிலைக்குக் கொண்டுவந்து, அதன்பின் உருண்டைகளை இடைவெளி விட்டு வைக்க வேண்டும்.

கனடாவில் அக்டோபர் இரண்டாம் திங்கட்கிழமையும் அமெரிக்காவில் நவம்பர் நான்காம் வியாழக்கிழமையும் வரும் நன்றியறிதல் நாளில் பூசணிப் பை இல்லாத விருந்து குறைவு. அலங்காரத்துக்காக விற்கப்படும் பெரிய பூசணிகள் நாரும் நீரும் மிகுந்தவை, இதற்கு உதவா. டின்னில் வாங்கும்போது வெறும் பூசணி விழுதையே வாங்க வேண்டும். பக்கத்திலேயே அடுக்கப்பட்டிருக்கும் பை ஃபில்லிங்கில் சர்க்கரையும் மசாலாவும் முன்னரே சேர்ந்திருப்பதால், செய்முறைப்படி மீண்டும் சேர்த்தால் தித்திப்பு திகட்டிவிடும். நம் ஊர் மஞ்சள் பூசணியைக் கொண்டு செய்பவர்கள், அவித்து மசித்த விழுதை அடி கனமான பாத்திரத்தில் பத்து நிமிடம் கிளறி நீரை வற்றவிட வேண்டும். முட்டை சேர்ந்த இந்தக் கலவை 80 டிகிரி அளவிலேயே உறைந்துவிடும்; ஓரங்கள் இறுகி நடுப்பகுதி இன்னும் சற்றே தளும்பும்போது எடுக்காமல் முழுவதும் இறுகும்வரை விட்டால், முட்டைப் புரதம் மேலும் சுருங்கி மேற்பரப்பு வெடிக்கும். எடுத்த பையை அறையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்காமல் குளிர்பெட்டிக்கு மாற்ற வேண்டும். சூடு முழுவதும் தணியும்வரை மூடாமல் விட்டால், மூடியில் படியும் ஆவி துளிகளாகப் பையின் மேல் சொட்டாது.