ரெட் டெயில் கெளுத்தி வளர்ப்பவர்கள் செய்யும் தவறுகள்

விரல் நீளக் குஞ்சாக இருக்கும்போது ரெட் டெயில் கெளுத்தி அவ்வளவு அழகு. நீண்ட மீசை, வெள்ளைப் பட்டை, சிவந்த வால். கடையில் பார்த்தால் யாருக்கும் வாங்கத் தோன்றும். ஆனால் அமேசான், ஒரினோகோ ஆறுகளில் இதே மீன் நாலடி வரை வளர்கிறது. இதை யோசிக்காமல் வாங்குவதுதான் முதல் தவறு.

“தொட்டி எவ்வளவோ, மீனும் அவ்வளவுதான் வளரும்” என்று சொல்வார்கள். தயவுசெய்து நம்பாதீர்கள். சின்னத் தொட்டியில் வளர்ச்சி நின்றுபோன மீன், இடமில்லாமலும் கழிவு சேர்ந்த நீரிலும் வதைபட்ட மீன். நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரமுள்ள தொட்டியில் சுமார் 250 லிட்டர்தான் பிடிக்கும். நன்றாகச் சாப்பிடும் ரெட் டெயில் ஓரிரு வருடத்தில் இரண்டடியைத் தொட்டுவிடும். அப்புறம் அது எப்படித் திரும்பும்? எல்லோரும் தொட்டியின் நீளத்தைத்தான் பார்க்கிறார்கள், அகலத்தை மறந்துவிடுகிறார்கள். வளர்ந்த மீனுக்குப் பல ஆயிரம் லிட்டர் கொள்ளும் குளமும் அதற்கேற்ற ஃபில்டரும் வேண்டும்.

அடுத்தது தீனி. கேட்கும்போதெல்லாம் போடக் கூடாது. இது எப்போதும் கேட்கும். வளர்ந்த மீனுக்கு வாரம் ஒன்றிரண்டு முறை போதும். கோழி, மாட்டிறைச்சியின் கொழுப்பு கல்லீரலில் படியும். கோல்ட்ஃபிஷை உயிரோடு போடுவதும் தவறு. அதிலுள்ள தயாமினேஸ் என்ற நொதி பி1 வைட்டமினைச் சிதைக்கும், கூடவே நோயும் வந்து சேரும். ஓடு உரித்த இறால், மீன் துண்டு, மூழ்கும் பெல்லட் என்று மாற்றி மாற்றிக் கொடுங்கள்.

வாய்க்குள் போகிற எதையும் இது விழுங்கும். கூட இருக்கும் மீன், கூழாங்கல், தெர்மாமீட்டர், எதுவும் தப்பாது. தொட்டியில் பாசி தின்ன விடும் சக்கர் மீனை விழுங்கினால் அதன் முள் தொண்டையில் சிக்கி இரண்டுமே சாகலாம்.

எல்லாவற்றையும்விட எனக்கு வருத்தம் தருவது, சமாளிக்க முடியாமல் ஏரியிலோ ஆற்றிலோ கொண்டுபோய் விடுவது. 2018 வெள்ளத்துக்குப் பிறகு கேரளத்தின் சாலக்குடி ஆற்றில் வளர்ப்பிலிருந்து தப்பிய, அமேசானின் ராட்சத மீனான அராபைமா வலையில் சிக்கியது. அந்த ஆறு, உலகில் வேறெங்கும் இல்லாத சிறுமீன்கள் வாழும் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஆறு. வளர்க்க முடியவில்லையா, பெரிய குளம் வைத்திருப்பவரைத் தேடிப் பிடித்துக் கொடுங்கள். அப்படி ஒருவர் இருக்கிறாரா என்பதை வாங்கும் முன்பே விசாரித்துவிடுங்கள்.