முன்னால் சில்லென்று, பின்னால் புழுக்கம்: வண்டியின் பின் ஏசி கோளாறைக் கண்டுபிடிப்பது எப்படி?

போன சித்திரையில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு மதுரையிலிருந்து திருநெல்வேலி கிளம்பினோம். சாத்தூர் வரை நன்றாக இருந்த பின் ஏசி, கோவில்பட்டி தாண்டுவதற்குள் அடங்கிப் போனது. முன் சீட்டில் எனக்குக் கை சில்லிட்டது. நடு வரிசையில் அம்மா முந்தானையால் விசிறிக்கொண்டு வந்தார். அதற்குப் பிறகு இரண்டு முறை கேஸ் (ஏசிக்குள் ஓடிக் குளிரவைக்கும் வாயு) நிரப்பியும் அதே கதைதான். கடைசியில் நானே உட்கார்ந்து கண்டுபிடித்தேன். அந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

முதலில் உங்கள் வண்டியில் இருப்பது எந்த வகை என்று பாருங்கள். பல கார்களில் பின் சீட்டுக்கு எதிரே உள்ள துவாரம், முன் ஏசியின் காற்றையே குழாய் வழியாகக் கொண்டுவருகிறது. காற்றைக் குளிரவைக்கும் குழாய்ச் சுருளான காயில் அதற்குத் தனியாகக் கிடையாது. ஏழு பேர் உட்காரும் வண்டிகள் பலவற்றில் பின்னாலும் ஒரு கூலிங் காயில், அதற்குள் கேஸை அளவாக விடும் ஒரு எக்ஸ்பான்ஷன் வால்வு, காற்றை ஊதும் ஒரு ப்ளோயர் இருக்கும். கேஸை அழுத்தும் கம்ப்ரசரும் அதன் சூட்டை வெளியேற்றும் கண்டென்சரும் மட்டும் முன்னுக்கும் பின்னுக்கும் பொது. நான் சொல்வது இந்த இரண்டாம் வகைக்கு.

காற்றே வரவில்லையா? அப்படியானால் கேஸைப் பற்றி இப்போதைக்கு யோசிக்க வேண்டாம். பின் ப்ளோயர் ஃபியூஸைப் பாருங்கள். அதைக் கழற்றி வெளிச்சத்தில் பார்ப்பதைவிட, இடத்திலேயே வைத்து மல்டிமீட்டரால் இரண்டு முனையிலும் 12 வோல்ட் வருகிறதா என்று பார்ப்பது நல்லது. ஃபியூஸ் சரியாக இருந்தும் மோட்டார் சுற்றவில்லை என்றால் அதன் கூட்டைக் கையால் லேசாகத் தட்டுங்கள். சுற்றத் தொடங்கினால் மோட்டாருக்குள் மின்சாரம் கடத்தும் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கிறது. திருகு சுவிட்ச் உள்ள வண்டிகளில் உச்ச வேகம் மட்டும் வேலை செய்தால், வேகத்தைக் குறைத்துத் தரும் ரெசிஸ்டர் போயிருக்கும். அதை மட்டும் மாற்றினால் போதும்.

காற்று வருகிறது, குளிரவில்லை என்றால் ஒரு தெர்மாமீட்டர் வேண்டும். குச்சி போன்ற முனையைத் துவாரத்துக்குள் செருகும் வகைதான் என் விருப்பம். துப்பாக்கி போலக் காட்டி அளப்பது பிளாஸ்டிக்கின் சூட்டைத்தான் சொல்லும், காற்றின் சூட்டைச் சொல்லாது. என்ஜினை ஓடவிட்டு, முன்னும் பின்னும் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை குறித்துக்கொள்ளுங்கள்.

நான் தடுக்கி விழுந்த இடம் இதுதான். கடையில் ஐந்து நிமிடம் மட்டும் பார்த்தார்கள். அந்த ஐந்து நிமிடமும் பின் ஏசி நன்றாகவே குளிர்ந்தது. வீட்டில் ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்த்தபோதுதான், குளிர் குறைவதற்கு முன்பே காற்றின் வேகம் குறைவது தெரிந்தது. காயிலில் பனி கட்டினால் இப்படித்தான் ஆகும். எங்கள் வண்டியில் பனியை உணர்ந்து கம்ப்ரசரை நிறுத்தும் சென்சார் முன் காயிலில் மட்டுமே இருக்கிறது. பின் காயில் உறைந்தாலும் அதற்குத் தெரியாது. கம்ப்ரசர் பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கும்.

சோதிப்பது எளிது. காற்று குறைந்ததும் ஏசியை அணைத்து, பின் ப்ளோயரை மட்டும் முழு வேகத்தில் கால் மணி நேரம் ஓடவிடுங்கள். வண்டிக்கு அடியில் தண்ணீர் கொட்டி, காற்று பழைய வேகத்துக்கு வந்தால் பனிதான். காரணத்தைத் தேடிப் பின் காற்று உறிஞ்சும் கிரில்லைக் கழற்றினேன். உள்ளே ஃபில்டரே கிடையாது. காயில் முழுக்கக் கம்பளப் பஞ்சும் தலைமுடியும் கம்பளி போல ஒட்டியிருந்தன. காற்று சரியாகப் போகாததால்தான் காயில் உறைந்திருக்கிறது. மென்மையான பிரஷ்ஷாலும் வாக்குவம் கிளீனராலும் எடுத்தேன். டயருக்குக் காற்றடிக்கும் ஏர் கம்ப்ரசரை அருகில் வைத்து அடிக்காதீர்கள், அலுமினியத் தகடுகள் மடங்கிவிடும். அன்றிலிருந்து பின் ஏசி ஒரு நாளும் அடங்கவில்லை.

பனியும் இல்லை, முன்னாலும் குளிர் குறைவு என்றால் கேஸ் கசிந்திருக்கலாம். முன்னால் நல்ல குளிர், பின்னால் எப்போதும் வெதுவெதுப்பு என்றால் பின் எக்ஸ்பான்ஷன் வால்வைச் சந்தேகப்படுங்கள். இரண்டுமே கடை வேலை. பல கார் ஏசிகளில் கேஸாக இருக்கும் ஆர்-134ஏ வாயு வெளிக்காற்றில் மைனஸ் 26 டிகிரியிலேயே கொதிக்கும், கையில் பட்டால் தோல் உறைந்துவிடும். கடையில் முதலில் கசிவைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். பிறகு வாக்குவம் போட்டு (குழாய்களுக்குள் இருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்து), பானட்டுக்கு அடியில் உள்ள ஸ்டிக்கரில் போட்டிருக்கும் கிராம் அளவுக்கு எடை பார்த்து நிரப்பச் சொல்லுங்கள். "கொஞ்சம் கூடப் போட்டால் நன்றாகக் குளிரும்" என்பது தவறு. அழுத்தம் ஏறிக் குளிர் குறையும். எனக்கு இரண்டாவது முறை நடந்தது அதுதான்.

பின்சேர்க்கை: கூரையிலிருந்து சீட்டில் தண்ணீர் சொட்டுகிறது என்று இருவர் கேட்டிருந்தார்கள். அது கேஸ் கோளாறு அல்ல. கூரையில் பொருத்திய பின் காயிலின் வடிகால் குழாய் தூசியால் அடைத்திருக்கும். வெளிமுனையைக் கண்டுபிடித்து மெல்லிய நைலான் கயிற்றை நுழைத்து எடுங்கள். கம்பி வேண்டாம், ரப்பர் கிழிந்தால் தண்ணீர் கூரைத் துணிக்குள் இறங்கும்.